பம்புக்கு அடித்த பச்சை

எங்கள் லைன் வீடுகளில் யாராவது இருமினால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், பாஸ்டர் ஐயா. மைன்ஸ் மூடி இத்தனை வருஷமாகியும், காற்றடித்தால் தங்கம் பிரித்துக் கொட்டிய சயனைடு மேட்டு மண் சோற்றுத் தட்டு வரை வந்துவிடும். அந்தத் தூசியின் மேல் பழியைப் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்போம். எனக்கு அது வசதியாகப் போயிற்று.

தெருக்கோடி அடிபம்பு உங்களுக்குத் தெரியும். தண்ணீரைச் சோதித்தவர்கள், ஆர்சனிக் இருக்கிறது, துணி துவைக்கலாம், குடிக்கக் கூடாது என்று சொல்லி, நல்ல தண்ணீர் பம்புக்குப் பச்சை, இதற்குச் சிவப்பு என்று பெயிண்ட் அடித்துவிட்டுப் போனார்கள். நாங்களும் அடுத்த லைன் குழாய்க்கு நடந்தோம். அந்த டிசம்பரில்தான் என் தங்கை லவினாவைப் பெண் பார்க்க பெங்களூரிலிருந்து வருவதாகச் சொன்னார்கள். ஏற்கெனவே இரண்டு வரன் தட்டிப்போயிருந்தது. தெருவில் நுழைந்ததும் சிவப்பு பம்பு கண்ணில் பட்டால், விஷத் தண்ணீர் குடித்து வளர்ந்த பெண்ணை யார் எடுப்பார்கள்? கிறிஸ்துமஸுக்குக் கதவுக்கு அடித்த பச்சையில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. பம்புக்கும் அடித்துவிட்டேன்.

அடுத்த வீட்டு சுனிதா பார்த்துவிட்டு, "இன்னாண்ணா, தண்ணி சரியாயிடுச்சா?" என்று கேட்டாள்.

"பாத்துட்டுப் போனாங்கம்மா" என்றேன். அதை முழுப் பொய் என்று சொல்ல முடியாது. பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

லவினாவுக்கு அன்று தலை பின்னிப் பூ வைத்தவள் சுனிதாதான். வந்தவர்களுக்குக் காபி போட, பம்பிலிருந்து ஒரு குடம் அடித்தும் கொண்டுவந்தாள். அவள் போனதும் அதைக் கொட்டிவிட்டுக் கேன் தண்ணீர் ஊற்றினேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கேன் தண்ணீர்தான். மனைவிக்கு வயிறு சரியில்லை என்று தெருவில் சொல்லி வைத்தேன்.

கல்யாணம் முடிந்ததும் மறுபடி சிவப்பு அடிக்கத்தான் நினைத்தேன். சம்பந்தி வீட்டார் வருவதும் போவதுமாக இருந்தார்கள். வருஷங்கள் அப்படியே போயின.

சுனிதாவின் உள்ளங்கை தடித்துக் கறுத்தது. காலில் பட்ட காயம் ஆறவில்லை. காய்ச்சல் வரும், போகும்; இருமல் மட்டும் நிற்கவில்லை. தூசிதான் என்றார்கள். நானும் தலையாட்டினேன். கடைசியில் நிமோனியா என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆர்சனிக்காக இருக்குமோ என்று டாக்டரம்மா சந்தேகப்பட்டார். அது சேரச் சேர உள்ளுக்குள் அழற்சி ஓயாதாம். உடம்பு தன்னோடே சண்டை போட்டுக் களைத்துவிடுமாம். நிஜமாகக் கிருமி வரும்போது எதிர்த்து நிற்கத் தெம்பிருக்காதாம். எந்தத் தண்ணீர் குடித்தாள் என்று கேட்டார்.

சுனிதாவின் அம்மா பாப்பம்மா, "பச்சை பம்பு தண்ணிதாம்மா. நல்ல தண்ணி" என்றாள்.

நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படியானால் வேலைக்குப் போன இடத்தில் குடித்திருப்பாள் என்று டாக்டரம்மா விட்டுவிட்டார்.

சுனிதாவை அடக்கத்துக்கு எடுத்த அன்று பாப்பம்மா மயங்கி விழுந்தாள். எங்கள் வீட்டுக் கேன் தண்ணீரை எடுத்துக்கொண்டு ஓடினேன். கண்ணைத் திறந்தவள், "காசு குடுத்து வாங்கின தண்ணிய இன்னாத்துக்குப்பா எடுத்தாந்த, பம்புல அடிச்சா போதாதா?" என்றாள். அவள் காலடியில் உட்கார்ந்து கதறினேன். கூடப்பிறந்தவன்கூட இப்படி அழமாட்டான் என்று தெருவே பேசியது. அந்த அழுகையில் பொய்யில்லை.

பாப்பம்மாவும் இப்போது இரும ஆரம்பித்திருக்கிறாள். சிவப்பு பெயிண்ட் வாங்கிவிட்டேன், கட்டிலுக்கடியில் இருக்கிறது. வருகிற ஞாயிறு லவினாவின் குழந்தைக்கு நீங்கள்தானே ஞானஸ்நானம் கொடுக்கிறீர்கள்? பெங்களூரிலிருந்து எல்லோரும் வருகிறார்கள். அவர்கள் கிளம்பிப் போன மறுநாளே அடித்துவிடுவேன்.