தலைவர் வீட்டில் பூக்காத நஸ்டர்ஷியம்

வீட்டுத் தோட்டச் சங்கத்தின் தலைவர் நாற்காலியில் இன்னும் அமர்ந்திருக்கும் பல் மருத்துவர் அவர்களே! அந்த நாற்காலியைக் கனிவோடு பார்த்துக்கொண்டிருக்கும் துணைத் தலைவர் அவர்களே! வெயிலில் செடியையும் நிழலில் கணவரையும் வளர்த்துவரும் தாய்மார்களே! தொட்டி கிடைக்காவிட்டால் ஓட்டை வாளியிலும் வளர்ப்போம் என்று கிளம்பிய பெரியோர்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

நம் சங்கத்தின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஆண்டு விழா மேடையின் குவளையில், தலைவர் தம் வீட்டில் பூத்த பூவை வைக்க வேண்டும். பூ இல்லையேல் பதவி இல்லை! இதோ குவளை. இதில் இருப்பது என்ன? தண்ணீர். தெளிவாக இருக்கிறது. துணைத் தலைவரின் முகமும் தெளிவாக இருக்கிறது.

இந்த ஆண்டு தலைவர் வளர்த்தது நஸ்டர்ஷியம். வட்ட இலை, வாலுள்ள ஆரஞ்சுப் பூ. விதையை ஊறவைத்து, ஊன்றி, அப்புறம் மறந்துவிட வேண்டும். மறந்தாரா நம் மருத்துவர்? எரு போட்டார்! பிண்ணாக்கு கரைத்தார்! மீன் கரைசல் ஊற்றினார்! விளைவு? தட்டளவு இலை! தாம்பாளத்தளவு இலை! பூ? மொட்டுகூட இல்லை!

அவர் மனைவி கேட்டிருக்கிறார்: "ஏங்க, என்னைக்காவது எனக்கு ஒரு டம்ளர் தண்ணி எடுத்துக் குடுத்திருக்கீங்களா?"

"நீதான் குடுக்காமலே நல்லா இருக்கியே!"

அந்தச் செடியின் ரகசியம் முழுவதும் அந்தப் பதிலில் இருந்தது. சொன்னவர் காதில்தான் விழவில்லை. பின்வரிசையில் சிரிக்கும் ஐயா, உங்கள் வீட்டு ரோஜாவின் கதையும் எனக்குத் தெரியும்.

தலைவர் வீட்டுக்கும் அவர் தம்பி வீட்டுக்கும் நடுவே போன ஆண்டு ஒரு சுவர் எழுந்தது. எதற்காக என்று இருவருக்கும் மறந்துவிட்டது. பேச்சு நின்றது மட்டும் நினைவிருக்கிறது. கட்டி மிஞ்சிய செங்கல் துண்டும் மணலும் தம்பி பக்கம் குவிந்தன. நஸ்டர்ஷியம் விதை எல்லாமே சுருக்கம் விழுந்துதான் இருக்கும். தலைவரோ சுருக்கம் கூடிய விதைகளைச் சொத்தை என்று கழித்து, சுவருக்கு அப்பால் எறிந்தார். பழுது என்று கண்டால் பிடுங்கி எறிவது அவர் தொழில் அல்லவா?

உரம் உண்டா அங்கே? இல்லை! உபசாரம் உண்டா? இல்லை! பூ உண்டா? அம்மம்மா, குவியலே தீப்பிடித்ததுபோல் பூத்தது!

மூன்றாம் வரிசையில் ஈரத்துணிப் பொட்டலத்தோடு அமர்ந்திருக்கும் அம்மா தலைவரின் தம்பி மனைவி. பக்கத்தில் கூரையை ஆராய்ந்துகொண்டிருப்பவர் தம்பி. மேடைக்கு வந்து பொட்டலத்தைப் பிரித்துப் பூவைக் காட்டுங்கள் அம்மா!

என்ன துணைத் தலைவரே? 'தம் வீட்டில் பூத்த பூ' என்பது விதியா? நியாயம். தலைவரிடமே கேட்போம். ஐயா, இந்தப் பூ பூத்தது யார் வீட்டில்?

"மாமா, விதை உங்களுது. உரம்தான் போடலை, கோவிச்சுக்காதீங்க" என்கிறார் இந்த அம்மா. தலைவர் கண்ணாடியைத் துடைக்கிறார். இதோ, ஒலிவாங்கி.

"இதென்ன கேள்வி? என் தம்பி வீடு என் வீடுதான்யா! டேய், அங்க என்னடா பாக்குற? மேல வா!"

கேட்டீர்களா? ஒலிபெருக்கியில் சொன்னது, இனித் திரும்பப் பெற முடியாது. குவளை நிறைந்தது! துணைத் தலைவரே, நீங்களும் தட்டலாம். அடுத்த ஆண்டும் இந்தக் குவளை உண்டு.

அன்பர்களே, உரத்தைக் குறையுங்கள். கழிக்கிற விதையைக் குப்பையில் போடாமல் பக்கத்து வீட்டுப் பக்கம் போடுங்கள். பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், அசையாமல் கேட்ட இந்தத் தொட்டிச் செடிகளுக்கும் நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்!