ஒட்டியதெல்லாம் இரும்பென்று ஒப்பாத அம்மையாருக்கு

கனலும் புகையும் காணாத உலையில் கல்லைக் கனிய வைத்தவரே! சோறு சூடாக்கும் மைக்ரோவேவ் அடுப்பின் அலைகளால் தாதுவை இரும்பாக்க முடியுமா என்று கேட்டு, கேலி பேசியவரையும் கைகொடுக்க வைத்த எங்கள் ஆய்வுக்கூடத் தலைவியே! உங்கள் பணி நிறைவு நாளில் வணங்குகிறோம்.

நெருப்பு வெளியிலிருந்து உள்ளே போகும். இந்த அலையோ கல்லின் உள்ளிருந்தே சுடவைக்கும். சிவந்த தாதுத்தூளையும் கரித்தூளையும் கலந்து குடுவையில் அடைத்துவிட்டு அடுப்பையே சுற்றிச்சுற்றி வந்த எங்களை, "வேகுற வேலைய அது பாத்துக்கும், நீங்க போய்ச் சாப்பிடுங்க" என்று விரட்டுவீர்கள். நீங்கள் மட்டும் போகமாட்டீர்கள்.

மதிப்பீட்டுக் குழு வரவிருந்தது. இரும்பு இல்லையேல் திட்டமும் இல்லை. முந்தைய மாலை குடுவையைக் கவிழ்த்துக் காந்தத்தை நீட்டினோம்; கறுத்த கட்டி தாவி வந்து ஒட்டியது. துள்ளினோம். உண்மையைச் சொன்னால், நீங்களும்தான் கைதட்டினீர்கள். தட்டிய கையாலேயே சுத்தியலை எடுத்துக் கட்டியின் ஓரத்தில் ஓர் அடி வைத்தீர்கள். இரும்பென்றால் நசுங்க வேண்டும், அது பொடிந்தது. பாதி வழியில் நின்றுபோன தாதுவும் காந்தத்தில் ஒட்டும் என்பதை மகிழ்ச்சியில் அத்தனை பேரும் மறந்திருந்தோம்.

மறுநாள் குழுத் தலைவர் காந்தத்தை வாங்கிப் பார்த்து, "ஒட்டுதே, அப்புறம் என்னம்மா கவலை?" என்றார்.

"ஒட்டும் சார். ஆனா இது இன்னும் இரும்பாகல" என்று சொல்லி, மிச்சக் கட்டியையும் அவர் கண்ணெதிரே பொடியாக்கினீர்கள், வாய்மைக்கு வாய்த்த வல்லமையே! நிதி நின்றது. பெரிய அடுப்பைக் கழற்றிக்கொண்டு போனார்கள். உங்களுக்கு வரவேண்டிய பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. எங்களில் சிலருக்கு உங்கள்மேல் கோபம்கூட வந்தது, மறைப்பானேன்.

நீங்களோ உங்கள் வீட்டு மைக்ரோவேவ் அடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். "அன்னிலேருந்து எனக்கு ஆறின சோறுதான்" என்று, இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கும் உங்கள் கணவர் இன்றும் குறைப்பட்டுக்கொள்கிறார். இந்தப் பாராட்டில் பாதி அவருக்குரியது. காற்று புகுந்து கரியைத் தின்றதே கோளாறு என்று கண்டு, மூடியை இறுக்கி, தூளை இன்னும் மாவாக அரைத்து, தோற்றும் துவளாமல் முயன்றீர்கள். ஒருநாள் சுத்தியலின் கீழ் ஒரு கட்டி பொடியாமல் நசுங்கியது. பட்டாணி அளவுதான். அன்று நீங்கள் கைதட்டவில்லை, அழுதீர்கள்.

பொய்யோடு பொருந்தாப் பெருந்தகையே! காந்தத்தோடு நின்றிருந்தால் உங்களுக்குப் பதவி கிடைத்திருக்கும். எங்களுக்கு இரும்பு கிடைத்திருக்காது. நோயின்றி, குறையின்றி, இனியாவது வேளைக்குச் சூடான சோறுண்டு, இருவரும் நீடு வாழ நெஞ்சார வாழ்த்துகிறோம். அந்தப் பட்டாணி இரும்பை இம்மடலின் சட்டத்தில் பதித்திருக்கிறோம். சுத்தியலைத் தரமாட்டோம், அது எங்களுக்கு வேண்டும்.

புகழ்ச்சி என்றாலே முகம் சுளிப்பவர் நீங்கள். ஆகவே இதன் ஒவ்வொரு வரியையும் உங்களைப் போலவே தட்டிப் பார்த்தோம். பொடிந்தவற்றைக் கூட்டித் தள்ளிவிட்டோம். மிஞ்சியது இவ்வளவுதான் அம்மா, இது இரும்பு.

உங்கள் கைதட்டலையும் கண்ணீரையும் கண்ட,
ஆய்வுக்கூடப் பணியாளர்கள்