கரி பிடித்த மூன்று பிளக்

— சீட்டைக் கழட்டின பிறகும் பொய்யா, மாப்பிள்ளை? தங்கச்சி புருஷனாச்சேன்னு பார்க்கிறேன்.

— சத்தியமா அண்ணி! போன ஞாயித்துக்கிழமைகூட இந்த ஜெட் ஸ்கியில தீவைச் சுத்திட்டு வந்தேன். அறுபதுல பறந்தேன், கண்ணுல தண்ணி வந்துடுச்சு.

— எனக்கும் வருது, சிரிச்சு சிரிச்சு. கையை எடுங்க. பிளக்கைச் சுத்தி மணல் இருக்கு, ஊதாம கழட்டினா எஞ்சினுக்குள்ள விழும். ம்… இந்தாங்க முதல் பிளக். என்ன நிறம்?

— கருப்பு.

— ரெண்டாவது?

— கருப்பு.

— மூணாவதையும் கழட்டட்டுமா, நீங்களே ஒத்துக்கிறீங்களா?

— பெட்ரோல் சரியில்லை போல அண்ணி. அதான் நேத்துலேர்ந்து பத்து நிமிஷம் மெதுவா ஓடினாலே பொட்டுனு நின்னுடுது. அப்புறம் என்ன பண்ணாலும் எழுந்திருக்காது.

— பெட்ரோல் பாவம், அதுக்கு வாய் இல்லை. இந்தாங்க, மூணாவதும் கருப்பு. வேகமா ஓட்டின வண்டியா இருந்தா முனை பிஸ்கட் நிறத்துல இருக்கும். இது அடுப்புக்கரி. மணிக்கணக்கா ஒரே இடத்துல உறுமிக்கிட்டே நின்னிருக்கு. தீவைச் சுத்தினாராம்! தீவு உங்களைச் சுத்திட்டுப் போயிருக்கும்.

— சரி அண்ணி, கிண்டல் போதும். புது பிளக்கை மாட்டிடுங்க. நாலு மணிக்குள்ள வேணும்.

— நாலு மணிக்கு என்ன? பின்சீட்டுல ஒரு ஆள் உட்கார்ந்து உட்கார்ந்து பள்ளமே விழுந்திருக்கு. என் தங்கச்சிக்குத் தண்ணின்னாலே ஆகாது. யாரு அது?

— ஐயையோ, நீங்க நினைக்கிற மாதிரி இல்லை!

— அப்போ அவளுக்கே ஃபோன் போடுறேன், நீங்களே விளக்கமா சொல்லுங்க.

— வேண்டாம் அண்ணி! யார்கிட்டேயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்.

— எங்க குடும்பத்துல சத்தியத்துக்கா பஞ்சம்? பேங்க் வேலையை விட்டுட்டு ஸ்பேனர் பிடிக்கப் போறேன்னதும் எங்கப்பா பண்ணாரே, "உன் பட்டறை வாசப்படியை மிதிக்க மாட்டேன்"னு. மூணு வருஷமாச்சு. நானும் வெட்கமில்லாம மேசையை ரோட்டைப் பார்த்துப் போட்டு, ஒவ்வொரு வண்டி நிக்கும்போதும் அவரான்னு எட்டிப் பார்க்கிறேன்… அதை விடுங்க. ரிங் போகுது. யாரு?

— வைங்க, வைங்க! மாமாதான்.

— எந்த மாமா?

— எனக்கு எத்தனை மாமனாரு? உங்க அப்பாதான்! ஞாயித்துக்கிழமை ஆனா நாலு மணிக்கு, உங்க பட்டறைக்குப் பின்னாடி தண்ணியில நிறுத்தச் சொல்வாரு. ரெண்டு மணி நேரம் உங்களையே பார்த்துட்டு இருப்பாரு. உங்க மெஷின் சத்தத்துல உங்களுக்குக் கேட்காது.

— அப்போ அந்தச் சத்தியம்?

— நானும் கேட்டேன். "வாசப்படியைத்தானே மிதிக்க மாட்டேன்னேன், தண்ணியில ஏது மாப்பிள்ளை வாசப்படி?"ங்கிறாரு. "எப்பப் பாரு முதுகையே காட்டுறா, திமிரு பிடிச்சவ"ன்னு திட்டு வேற.

— திமிரா? எனக்கா? இதை அவரு சொல்றாரா!

— எஞ்சினை மட்டும் அணைக்க விட மாட்டாரு. நீங்க திரும்பினா அடுத்த நொடி ஓடிடணுமாம்.

— ஓடிடணுமா? அந்தப் புது பிளக்கை டப்பாவுலேயே வைங்க, மாப்பிள்ளை. இந்தக் கரி மூணையுமே திருப்பி மாட்டித் தர்றேன், நாலு மணிக்குக் கூட்டிட்டு வாங்க.