நான்காவது ரப்பர்

பெண்களுக்குத் தலைவாரிவிடுவது சுலபமான வேலை இல்லை, டாக்டர். சிக்கை நுனியிலிருந்துதான் எடுத்துக்கொண்டு வர வேண்டும். மேலிருந்து இழுத்தால் உயிர் போகும். லேத் பட்டறையில் இரும்பைக் கடைந்த கைக்கு இது பழக நாளானது. கல்யாணமானதிலிருந்து என் மனைவி என்னைத் தன் தலையைத் தொட விட்டவளில்லை. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகுதான் விட்டாள்.

அன்று எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து நீங்கள் பொறுமையாக விளக்கினீர்கள். தொடையெலும்பு இடுப்போடு சேருகிற இடத்துக்குக் கீழே முறிவு, உள்ளே கம்பி செலுத்தி மேலே ஸ்குரூ போட வேண்டும். வேலை எனக்குப் புரிந்தது, நான் செய்ததும் அதுபோன்ற வேலைதானே. ஆனால் மறுநாளே எழுப்பி நிற்க வைக்க வேண்டும் என்றீர்கள், அதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. படுத்தே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும், காலில் ரத்தம் உறையும், முதுகு புண்ணாகும் என்றீர்கள். எல்லாம் நினைவிருக்கிறது. தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன்.

மகள் வார்டில் வைத்துத்தான் சொன்னாள். "என் வீட்ல லிஃப்ட் இல்லப்பா. அம்மா படி ஏற ஆரம்பிச்சதும் கூட்டிட்டுப் போயிடறேன்."

இவள் சுவரைப் பார்த்துக்கொண்டே, "நான் இனிமே உன் வீட்லயே இருந்துடறேன்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. போதும் என்று தட்டை நகர்த்துகிற மாதிரி சொன்னாள்.

வீட்டுக்கு வந்த பிறகு நான் வைத்த குறை என்ன, கேட்டுப் பாருங்கள். ரத்தம் உறையாமலிருக்க வேளை தவறாமல் வயிற்றில் ஊசி போட்டேன். பெட்பேனை முகம் சுளிக்காமல் எடுத்தேன். பிசியோதெரபி பெண் வந்து நடக்க வைத்துவிட்டுப் போவாள். அவள் தலை மறைந்ததும் நான் இவளிடம், "டாக்டர் போன் பண்ணாரு. கம்பி இன்னும் சரியா பிடிக்கலையாம், எழுந்திரிக்காதே" என்பேன். உங்கள் பெயரை அப்படிப் பயன்படுத்தியதற்கு மன்னியுங்கள்.

இவள் நம்பவில்லை. ஒருநாள் கடைக்குப் போய்த் திரும்புகிறேன், வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஜன்னலில் நிற்கிறாள். இன்னொரு நாள் அந்தப் பெண்ணோடு வாசற்படியில் ஒரு காலை ஏற்றி வைத்துவிட்டுச் சிரிக்கிறாள். "அடுத்த வாரம் மாடிப்படி, சரியாம்மா?" என்று அந்தப் பெண் வேறு ஏற்றிவிடுகிறாள். இவளுக்கு இப்படிச் சிரிக்கத் தெரியும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

வாக்கருக்கு நான்கு கால், நான்கிலும் ரப்பர். ஒன்றைக் குறடால் திருகிக் கழற்றினேன். வெறும் அலுமினியம் டைல்ஸ் தரையில் நிற்காது. கொஞ்சம் சறுக்கினால் பயந்து படுத்துவிடுவாள் என்பதுதான் என் எண்ணம். அன்று காலை தரையையும் துடைத்தேன். எனக்குச் சுத்தம் முக்கியம்.

சத்தம் கேட்டபோது நான் அடுப்படியில் இருந்தேன். "என்னங்க" என்று கூப்பிட்டாள். அப்படி அவள் என்னைக் கூப்பிட்டு எவ்வளவு காலமாயிற்று. மறுபடி கூப்பிட்டாள். இன்னொரு முறை கேட்கலாம் என்று நின்றேன். டீ கொதித்ததும் அடுப்பை அணைத்துவிட்டுப் போனேன்.

நல்ல சாமானைத் தூக்கிப் போட எனக்கு மனசு வராது. பட்டறைக்காரன் புத்தி. ஆஸ்பத்திரியிலிருந்து அம்மாவுக்குத் துணி எடுக்க வந்த மகள், பையை மாட்ட ஆணி தேடி என் ஆணி டப்பாவைத் திறந்திருக்கிறாள்.

"வாக்கர் ரப்பர் ஏம்பா இங்க இருக்கு?"

"கழண்டு விழுந்திருக்கும்மா."

"கழண்டு விழுந்ததை யாராவது தொடச்சு டப்பால வைப்பாங்களா?"

அதன் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. நேரே உங்களிடம்தான் வந்தாள்.

ஆமாம், நான்தான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். முதல் தடவை அவளாகத்தான் விழுந்தாள், அதை என் தலையில் கட்டிவிடாதீர்கள். இப்போது இன்னொரு பக்க இடுப்பிலும் கம்பி, இனி படி ஏறுவது சந்தேகம்தான் என்கிறீர்கள். கேட்கக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. கட்டிலை ஜன்னலிலிருந்து நகர்த்திச் சுவரோரம் போட்டு வைத்திருக்கிறேன், தையல் பிரித்ததும் எங்கள் வீட்டுக்கே அனுப்பிவிடுங்கள். மகள் கூட்டிக்கொண்டு போகிறேன் என்பாள், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். விழுந்து கிடந்தபோது அவள் கூப்பிட்டது மகளை இல்லை, டாக்டர். என்னைத்தான்.