ஏழாவது சிவப்புப் புள்ளி

அட்டையில் தாள் ஒட்டும்போது பசையை ஓரங்களில் மட்டும் தடவ வேண்டும். நடுவில் தடவினால் காய்ந்ததும் சுருங்கிவிடும். என் மகளின் அறிவியல் அட்டையில் ஒரு சுருக்கம்கூட இல்லை என்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள், சார். ஒட்டியது நான்தான்.

நடந்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன்.

என் மனைவி காலமாகி மூன்று வருஷமாகிறது. நான் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். வாரத்தில் ஆறு நாள் அங்கே ஆள் முகம் பார்க்கலாம். ஞாயிறு ஒரு நாள்தான் வீடு. சும்மா சொல்லக்கூடாது, மகள் கெட்டிக்காரி. ஆனால் முதல் வருஷமெல்லாம் ஞாயிறு விடிந்தால் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு சித்தி வீட்டுக்குப் பறந்துவிடுவாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு ஒருவனுக்காகச் சமைத்து, ஒருவனாகச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருப்பேன். "குழந்தை எங்கிட்டயே வளரட்டுமே மாமா" என்று சித்தி ஒருமுறை கேட்டாள். சிரித்து மழுப்பிவிட்டேன். அன்று இரவு அவள் துணிமணியெல்லாம் வீட்டில்தான் இருக்கிறதா என்று அலமாரியைத் திறந்து பார்த்தேன்.

போன மாதம் பள்ளியில் கண்காட்சி. "லீவு நாளில் விரல் சோம்பேறி ஆகுமா?" என்பது அவள் தலைப்பு. வேலை எளிது. ஒருவர் அளவுகோலைச் செங்குத்தாகப் பிடித்து, சொல்லாமல் விட வேண்டும். மற்றவர் அதை விரலால் பிடிக்க வேண்டும். எத்தனை சென்டிமீட்டர் நழுவியது என்று குறித்துக்கொள்வது. தினமும் சாயங்காலம் நான் விடுவேன், அவள் பிடிப்பாள். பள்ளி நாட்களுக்கு நீலப் புள்ளி, ஞாயிறுக்குச் சிவப்பு. நிறம் என் யோசனை. பார்க்க எடுப்பாக இருக்கும் என்று நினைத்தேன்.

நீலமெல்லாம் பதினான்கு, பதினைந்தில் நின்றது. சிவப்பு இருபத்தாறு, இருபத்தெட்டு என்று ஏறியது. ஏழாவது ஞாயிறு மட்டும் பதினான்கு.

"அப்பா, இது மட்டும் ஒத்தே வரல. மேல ஏத்தி வச்சிடவா?" என்று கேட்டாள்.

"அளந்ததை மாத்தக் கூடாதும்மா. வந்தது வந்தபடிதான் போடணும்" என்றேன். வளர்ப்பில் நான் குறை வைத்ததில்லை.

கண்காட்சியன்று நடுவராக வந்தது ஒரு லேடி டாக்டர். மற்ற அட்டைகளை நின்ற வாக்கில் பார்த்தவர், இதன் முன் நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்தார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

"இந்த ஞாயித்துக்கிழமை மட்டும் என்னம்மா வித்தியாசம்?"

"அன்னைக்கு அப்பா ஒரு சாவுக்கு வெளியூர் போயிட்டாங்க மேடம். நான் சித்தி வீட்டுல இருந்தேன். சித்திதான் ஸ்கேல் விட்டாங்க."

"மத்த ஞாயித்துக்கிழமையெல்லாம்?"

"காலையில அப்பா பால் கலந்து தருவாங்க. குடிச்சதும் தூக்கம் வந்துடும். சாயங்காலம்தான் எழுந்திருப்பேன்."

டாக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டே என்னைப் பார்த்து, "என்ன வேலை பண்றீங்க?" என்றார். சொன்னேன்.

ஆமாம், சார். தூக்க மாத்திரைதான். கடையிலிருந்து எடுத்தேன். பொடித்து, சர்க்கரை தூக்கலாகப் போட்டுக் கலப்பேன். இரண்டு வருஷமாக, ஞாயிறு தவறாமல். முதலில் பாதி. அவள் வளர வளர ஒன்று, கடைசியில் ஒன்றரை. அளவு தெரிந்தவன் நான். மூச்சு சீராக இருக்கிறதா என்று பக்கத்திலேயே உட்கார்ந்து பார்ப்பேன். இரண்டு முறை சீராக இல்லை. அப்போது தோளைப் பிடித்துக் குலுக்கி, முகத்தில் தண்ணீர் தெளித்தேன். வேறு எந்த அப்பன் இவ்வளவு பார்த்துக்கொள்வான்?

சித்தி என்னை மிருகம் என்றாள். அவளுக்குத் தெரியாது. தலையணையை வெயில் படாமல் நகர்த்துவேன், தலை வாரிவிடுவேன், கடையில் நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்வேன். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பாள். என் வீட்டில் அப்போதுதான் ஆள் இருந்தது.

அந்த ஞாயிறுகளில் ஒன்றுகூட அவளுக்கு ஞாபகம் இல்லை என்கிறீர்கள். பரவாயில்லை, சார், விழித்துக்கொண்டிருந்தவன் நான். எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து நான் ஞாபகம் வைத்திருக்கிறேன்.