ஓரப்பார்வை

ஸ்கேன் அறையில் எப்போதும் குளிர் அதிகம். படுக்க வருபவர்களுக்கு நானே போர்வை போர்த்திவிடுவேன். வாலுவுக்கும் போர்த்தினேன்.

வாலு என்பது ஆய்வகத்தில் நாங்கள் வைத்த பெயர். எனக்குப் பின் சேர்ந்தவள், வாய் ஓயாது. மூளைப் படங்களைக் கொண்டு மனிதப் பார்வையை ஆராய, அந்த வருடம் உதவித்தொகையோடு ஒரு முனைவர் பட்ட இடம் வந்தது. ஒரே இடம். இருவரும் விண்ணப்பித்தோம். அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. பேராசிரியரின் முகத்திலேயே அது தெரிந்தது.

என் சோதனையை ஓட்டிப் பார்க்க ஓர் ஆள் தேவைப்பட்டது. "நான் படுக்கறேன்க்கா. தலைக்குள்ள மூளை இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க. வீட்ல யாரும் நம்ப மாட்டேங்கறாங்க" என்றாள்.

இருந்தது. அதன் அடியில், இரு கண்களின் நரம்புகளும் சந்திக்கும் இடத்தை அழுத்தியபடி ஒரு கட்டியும் இருந்தது. அங்கே அழுத்தினால் ஓரப்பார்வை மங்கும்; கொஞ்ச நாளாக அவள் கதவு நிலைகளில் தோளை இடித்துக்கொண்டது ஏன் என்று புரிந்தது.

"எப்படிக்கா வந்திருக்கு?"

"தலைய ஆட்டிட்டே இருந்திருக்க. படம் சரியா வரல."

அவள் சிரித்தாள். நான் படத்தை அழித்தேன்.

நேர்காணல் முடிந்ததும் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். நான் மருத்துவர் இல்லையே. நேர்காணலில் திரையின் ஓரங்களில் இருந்த எண்களை அவள் பார்க்கத் தவறினாள்; விடைகள் தடுமாறின. இடம் எனக்குக் கிடைத்தது. முதலில் கட்டிப்பிடித்து வாழ்த்தியவள் அவள்தான். அப்போது சொன்னால், எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்பாள். மறுநாளும் அதே காரணம் இருந்தது. பிறகு எல்லா நாளும்.

பார்வை மங்கி அவளே மருத்துவமனைக்குப் போய், அறுவை சிகிச்சை நடப்பதற்குள் காலம் கடந்துவிட்டது. முன்பே வந்திருந்தால் பார்வையைக் காப்பாற்றியிருக்கலாமாம். அவள் அம்மா என் தோளில் சாய்ந்து, "நீயாவது கூட இருக்கியேம்மா" என்று அழுதார். எனக்குக் கூசியது. அதன் பிறகு என் ஆய்வைப் பார்வை இழந்தவர்களின் மூளை பற்றியதாக மாற்றிக்கொண்டேன். எனக்காக மறுபடி மறுபடி வந்து படுத்தவள் வாலுதான்.

போன வாரம் கேட்டாள்: "அன்னிக்கு நான் தலைய ஆட்டாம இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும்ல அக்கா?"

அதனால்தான் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழுவான உங்களிடம் வந்தேன். அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. அவள் தலையை ஆட்டவில்லை. படம் தெளிவாக இருந்தது. பார்த்தேன், மறைத்தேன்.

என் பட்டத்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். அவள் பட்ட சிரமம் எல்லாம் வீணாகிவிடும். அவளுக்கு அப்படி ஒரு துரோகத்தை என்னால் செய்ய முடியாது.