காசியம்மா படகின் இணைப்பு

இரவு பதினொன்றரை இருக்கும். தலத்தெருவைத் தாண்டித் திருவேட்டக்குடிக்குப் போகும் சாலை… ஆளில்லை, விளக்கில்லை. பைக்கில் தனியாகப் போனவன் மணிவேல். நம் வகுப்புப் பிரதீபாவின் பெரியப்பா மகன். அவனுக்கு நடந்ததுதான் இது.

வழியிலேயே தங்கை வினிதா போனில் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, காத்து மாறுது. ஒன் பொட்டிய நம்பித்தான் அவரு கடலுக்குப் போயிருக்காரு. நீ பாட்டுக்குத் தூங்கித் தொலைச்சிடாத!"

பொட்டி என்றது மீனவர் சங்க அறையில் மணிவேல் பார்த்துக்கொள்ளும் சர்வரை. புயல் என்றால் படகுகளின் போனுக்கு எச்சரிக்கை அனுப்புவது அதுதான். கடலிலிருந்து யாராவது எழுதிக் கேட்டால் பதிலும் சொல்லும். அன்றைக்கு எச்சரிக்கை போகவே இல்லை. போனால்தான் வினிதாவின் புருஷன் ஐயனார் திரும்புவான்.

அறையைத் திறந்தான். சர்வரின் விசிறி மூச்சு வாங்குவது போல இரைந்தது. அழுகிய பாசி வாடை… உள்ளே வலைத் துண்டுகூடக் கிடையாது.

சர்வருக்குள் வேலையைப் பங்கிட்டுச் செய்ய, வொர்க்கர் எனப்படும் நான்கு துணை நிரல்கள். அவை எடுத்த நினைவகத்தைத் திருப்பித் தராமல் நாளாக ஆக வீங்கும். அதனால் ஆயிரம் கேள்விக்கு ஒருமுறை பழையதை நிறுத்திப் புதியதைத் தொடங்கும்படி மணிவேல் ஏற்பாடு செய்திருந்தான். நிறுத்துமுன், நடக்கிற பேச்சு முடியக் காத்திருக்கும். அதற்குச் சில விநாடி வரம்பு வைப்பது வழக்கம். மணிவேல் வைக்கவில்லை. நடுக்கடலில் பேசுகிறவன் பேச்சை எப்படி அறுப்பது?

திரையைப் பார்த்தான். ஒரு வொர்க்கர் மட்டும் சாகாமல், எச்சரிக்கை அனுப்பக்கூட இடம் விடாமல், மொத்த நினைவகத்தையும் விழுங்கிக் கிடந்தது. ஒரே ஒரு படகுக்காகக் காத்திருந்தது.

காசியம்மா.

போன ஐப்பசியில் நான்கு பேரோடு மூழ்கிய படகு. ஓர் உடல்கூடக் கரை சேரவில்லை.

அதிலிருந்து கேள்வி வந்துகொண்டிருந்தது. 'கரை எந்தப் பக்கம்?'

வொர்க்கர் பதில் சொன்னது. மறுபடியும்… 'கரை எந்தப் பக்கம்?' பதில். மறுபடியும்… சொன்ன பதில்களெல்லாம் உள்ளேயே தேங்கிக்கொண்டிருந்தன.

மணிவேல் கீபோர்டை இழுத்தான். அறுக்காவிட்டால் ஐயனார் இல்லை.

"மன்னிச்சிடுங்கப்பா…"

கட்டளையைத் தட்டினான். வொர்க்கர் செத்தது. விசிறி சட்டென்று அடங்கியது. எச்சரிக்கை போனது. திரையில் படகுப் புள்ளிகள் ஒவ்வொன்றாகக் கரைப்பக்கம் திரும்பின. ஐயனாரின் புள்ளி மட்டும்… நடுக்கடலில், அசையாமல்.

போன் அடித்தது. வினிதா. குரலெல்லாம் சிரிப்பு.

"அண்ணே, அவரு வந்துட்டாரு! ஜன்னல் வழியாப் பாத்தேன், வாசல்ல நிக்கிறாரு. வழி தெரியாம நின்ன நாலு பேரையும் கூட்டியாந்திருக்காராம். பாவம், சொட்டச் சொட்ட நனைஞ்சு…"

"வினிதா! கதவத் தொறக்காத!"

"என்னண்ணே நீ… வாசல் வரைக்கும் வந்தவங்கள நிக்க வைக்கவா முடியும்?"

போனில் தாழ்ப்பாள் விலகுவது கேட்டது. அப்புறம் ஈரக் கால்கள், ஒன்றன்பின் ஒன்றாக, உள்ளே வரும் சத்தம்… வினிதாவின் குரல் மட்டும் கேட்கவில்லை.